பயங்கரம் வாங்கிய அடி

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்கள். பயங்கரத்துக்கு அது வெறும் பழமொழி இல்லை, பிழைப்பு. மீசை அரும்பும் வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் அடி வாங்கித்தான் சாப்பிட்டார். முதல் காட்சியில் கதாநாயகியின் முடியைப் பிடித்து இழுப்பார். கடைசிக் காட்சியில் கதாநாயகன் அவரைத் துவைத்துக் காயப்போடுவான். ஜனம் எழுந்து நின்று விசிலடிக்கும். நோட்டீஸ் அடித்த எந்தப் புண்ணியவானோ 'பயங்கரம்' என்று போட்டுவிட்டான். சினிமாவுக்குப் போன பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மேடையில் ஒரு சட்டம் உண்டு. அடிக்கிறவன் நடிக்கத் தேவையில்லை, வாங்குகிறவன்தான் நடிக்க வேண்டும். ஓங்கிய கை கன்னத்துக்கு நாலு விரற்கடை முன்னாலேயே நின்றுவிடும். வாங்குகிறவன்தான் முகத்தை வெடுக்கென்று திருப்பி, இடுப்பருகே கையைத் தட்டிச் சத்தம் எழுப்பி, கடைசி வரிசைக்காரனும் ஐயோ என்கிற மாதிரி விழ வேண்டும். அந்த வித்தையில் பயங்கரத்தை மிஞ்ச ஆளில்லை. "அண்ணே, ஹீரோவுக்குக் கையைத் தூக்கவே தெரியல, நீங்கதான் பாத்து விழுந்து குடுக்கணும்" என்று சண்டை மாஸ்டர்களே கெஞ்சுவார்கள். கையில் சதையே இல்லாத எத்தனையோ பேர் இவர் விழுந்த அழகில் மாவீரர்கள் ஆனார்கள். நன்றி சொன்னவன் ஒருத்தன்கூடக் கிடையாது, அது வேறு விஷயம்.

திரையில் புலி, வீட்டில் பூனை. பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு ஒரே மகளைத் தலைவாரிப் பின்னிவிட்டு வளர்த்தவர் அவர். அவளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அவளைப் போய் டயர் கடை வைத்திருந்த ஒருத்தனுக்குக் கட்டிக்கொடுத்தார். "நான் உங்க ரசிகன் மாமா" என்று கும்பிட்டுக்கொண்டு வந்தவன். கும்பிட்ட கை எதற்கெல்லாம் நீளும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, தாடை நீலம் பாரித்து வந்து நின்றாள்.

"கதவு இடிச்சிருச்சுப்பா."

கதவுக்கு ஐந்து விரல் கிடையாது. ஆயுசில் பாதியைப் பொய்க் காயத்தோடு கழித்த மனுஷனுக்கு நிஜக் காயம் தெரியாதா?

"வந்துரு பாப்பா. இங்கயே இருந்துக்கலாம்."

"எல்லாம் சரியாயிடும்பா. நீங்க போய் எதுவும் கேக்காதீங்க, அப்புறம் எனக்குத்தான் கஷ்டம்."

திரும்பிப் போய்விட்டாள். அடுத்த முறை மணிக்கட்டில் கட்டுப்போட்டு வந்தாள், அப்போதும் திரும்பிப் போனாள். அவளை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவந்தால் போதும் என்பதைத் தவிர அவர் மனசில் வேறு நினைப்பில்லை. வசனம் மறந்தது. சோறு இறங்கவில்லை.

ஒருநாள் மதியம், பழைய கிடங்கு ஒன்றில் சண்டைக் காட்சி எடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மகள் வீட்டுக்குக் கீழே தையல் மெஷின் போட்டிருக்கும் அம்மா.

"அண்ணே, மேல ஒரே அலறல். இன்னிக்கு அவளைக் கொன்னே போட்டுருவான் போல. உடனே வாங்கண்ணே!"

கிழிந்த சட்டை, நெற்றியில் ஒட்டிய வெட்டுக்காயம், மார்பெல்லாம் சிவப்புச் சாயம். அந்தக் கோலத்திலேயே ஆட்டோவில் ஏறினார். டைரக்டர் பின்னால் கத்தியது காதில் ஏறவில்லை.

மாடிக் கதவு திறந்துதான் கிடந்தது. அடுப்படித் தரையில் மகள். அவள் முடியைக் கையில் சுற்றிக்கொண்டு, அலமாரி விளிம்பில் அவள் தலையை மோதிக்கொண்டிருந்தான் மாப்பிள்ளை. உதடு கிழிந்து ரத்தம் கழுத்து வரை வழிந்திருந்தது.

"விடுறா அவளை!"

ரத்தம் கொதிக்க, தோளிலிருந்து கையைச் சுழற்றி ஓங்கி ஒரு குத்து விட்டார் பயங்கரம். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்களே, இங்கே சாது மிரண்டார், கை மிரளவில்லை. மாப்பிள்ளையின் மூக்குக்கு நாலு விரற்கடை முன்னால் அது பழக்கதோஷத்தில் நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டவன் மெல்லத் திறந்து பார்த்தான். பிறகு சிரித்தான்.

"அவ்வளவுதானா மாமா?"

அவன் அறைந்தான். அறை வந்து சேருமுன்பே பயங்கரத்தின் முகம் திரும்பி, உடம்பு சுழன்று, படிக்கட்டு வரை உருண்டு போனது. பாழாய்ப்போன உடம்பு! மகளைக் காப்பாற்ற வந்த இடத்தில் விழுந்து காட்டுகிறது. எழுந்தார், ஓங்கினார், கை நின்றது. அவன் உதைத்தான். படியெல்லாம் உருண்டு தெருவில் வந்து விழுந்தார். அவன் பின்னாலேயே இறங்கிவந்து விலாவில் மிதித்தான்.

தெரு கூடிவிட்டது.

"டேய், பயங்கரம்டா! ஷூட்டிங்டா!"

"கேமராவைக் காணோமே?"

"எங்கயாச்சும் ஒளிச்சு வெச்சிருப்பாங்க, அதான் இப்ப ஸ்டைலு."

"பாவிங்களா, நிஜம்டா!" என்று தையல்கார அம்மா தலையிலடித்துக்கொண்டாள். "அந்தம்மாவும் நல்லா நடிக்குது" என்றான் ஒருத்தன். உதவிக்கு இரண்டு பேர் வந்தார்கள், மாப்பிள்ளைக்கு! பயங்கரத்தைத் தூக்கி நிறுத்தி, தோளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். "போடு தலைவா, இன்னொண்ணு போடு!" வயிற்றில் விழுந்தது, வாயில் விழுந்தது. விசில் பறந்தது. காலமெல்லாம் இந்த ஜனத்தைச் சந்தோஷப்படுத்திய பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"அப்பாவை விடுங்கடா!"

மாப்பிள்ளை திரும்பினான். பக்கத்திலேயே இருந்த அவனுடைய கடை வாசலில் டயர் கழற்றும் இரும்புக் கம்பி சாய்ந்திருந்தது. அதை எடுத்தான். "உனக்கு எவ்வளவுடி வாய்?" என்று அவளை நோக்கிப் போனான்.

பயங்கரம் எப்படித் திமிறினார் என்பது பிடித்திருந்த இருவருக்கும் தெரியவில்லை. கம்பி இறங்குவதற்குள் மகளுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். இந்த முறை தப்பிக்கிற வழி அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. முகத்தை ஒரு பக்கம் வெட்டினால் போதும், கம்பி காற்றில் போய்விடும். ஆனால் காற்றுக்குப் பின்னால் மகள் நின்றாள்.

முகத்தைத் திருப்பவில்லை. கண்ணைக்கூட மூடவில்லை.

சினிமாவில் இதற்கு இடி மாதிரி சத்தம் சேர்ப்பார்கள். நிஜத்தில் சுள்ளி ஒடிகிற சத்தம்தான். தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. இரண்டு பல் தெறித்துப் போய், தோளைப் பிடித்திருந்தவனின் காலடியில் விழுந்தது. அவன் குனிந்து பார்த்தான். "ஐயோ, நிஜம்டா!" என்று அலறினான்.

விசிலடித்த கூட்டம் அப்படியே மாப்பிள்ளையின் மேல் பாய்ந்தது. செருப்பு, கல், அவனுடைய கம்பி, கையில் கிடைத்தது எல்லாம் அவன் மேல் விழுந்தது. ஒரு கையும் நாலு விரற்கடையில் நிற்கவில்லை. பயங்கரம் அதைப் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவுமில்லை. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, அவர் வந்த ஆட்டோவிலேயே ஏறினார்.

"எங்க போகணும்?" டிரைவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

ஆஸ்பத்திரி என்று சொல்லப் பார்த்தார். வாயிலிருந்து ரத்தம்தான் வந்தது. இனி இந்த வாயில் வசனம் வராது என்று அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வழியில போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்றாள் மகள். "அப்புறம் ஆஸ்பத்திரி. அப்பா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க. இந்த முகத்தை அவங்க இப்பவே பாக்கணும்."

ஆட்டோ நகர்ந்தது. டிரைவரின் பாட்டிலை வாங்கி, துப்பட்டா நுனியைத் தண்ணீரில் நனைத்தாள். அவர் நெற்றியில் ஒட்டியிருந்த வெட்டுக்காயத்தைப் பிய்த்து வெளியே எறிந்தாள். கழுத்திலும் மார்பிலும் இருந்த சிவப்புச் சாயத்தை அழுத்தித் துடைத்தாள்.

"இதைப் பாத்தா மீதியையும் நம்ப மாட்டாங்கப்பா."

அவர் வலியில் முனகினார். கண்ணில் நீர் வழிந்தது. அவள் தன் உதட்டு ரத்தத்தையும் துடைத்துக்கொள்ளவில்லை, அவர் வாயில் வழிந்ததையும் தொடவில்லை.