முன்கால் தூக்கும் நீல வண்டி

ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும், பிரேக் இன்ஸ்பெக்டர் தன் வீட்டுக்கு வருகிறவரின் வண்டி டயரைத்தான் முதலில் பார்ப்பார். முகத்தை அப்புறம்தான். அப்படிப்பட்டவரின் மாடியறையில், அவருடைய பழைய நீலக் கார், அதே நம்பர் பலகையோடு, கணினித் திரையில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

ஓட்டியது மகள். மேஜையில் பூட்டிய ஸ்டியரிங்கைப் பிடித்து, அந்தக் காலத்துப் பந்தயக் கார்களை இணையத்தில் ஓட்டுவாள். எதிராளி அவளுடைய மாமனார், ஓய்வு பெற்ற பல் டாக்டர், தன் வீட்டில் உட்கார்ந்தபடி.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கயிறு உண்டு. கல்யாணத்தன்று பெண்ணை ஏற்றிப்போன நீலக் கார் நடுவழியில் நின்றுவிட, சம்பந்திதான் தன் வண்டியில் கட்டி இழுத்துப் போனார். ஊர் வண்டிக்கெல்லாம் தகுதிச் சான்று கொடுத்த கை அன்று கயிற்று முடிச்சைப் பிடித்திருந்தது. பத்து வருடமாக எங்கே பார்த்தாலும் சம்பந்தியின் முதல் வார்த்தை, "என்ன சம்பந்தி, கயிறு இருக்கா?"

ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் மருமகள் ஜெயித்தால் அந்தப் பேச்சையே விட்டுவிடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

சனிக்கிழமை ஒத்திகையைப் பார்த்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, முன்சக்கரம் தரையிலயே படலையே?"

"வளைவுல அப்படித்தான்பா தூக்கும். பின்சக்கரம் ரெண்டும் தரையைப் பிடிச்சா போதும்."

"சர்வீஸ்ல ஒரு நாளும் மூணு சக்கரத்துல ஓடுற வண்டிக்கு நான் கையெழுத்துப் போட்டதில்ல."

"ஆட்டோவுக்குப் போட்டீங்களே?"

"பேச்சை மாத்தாதே. சம்பந்தி பார்ப்பாரே!"

"அவருக்கு வண்டியோட பின்பக்கம்தான்பா தெரியும்."

மகள் கிளம்பிப் போனதும் அவர் மறுபடி மாடியேறினார். வண்டி சாயாமல் தாங்கும் கம்பிகளின் விறைப்பைக் கணினியில் முன்னால் ஏழு, பின்னால் இரண்டு என்று அவள் வைத்திருந்தாள். முன்கம்பி விறைப்பாக இருப்பதால்தான் கால் தூக்குகிறது. விறைப்பைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்னால் இரண்டு, பின்னால் ஏழு என்று மாற்றிச் சேமித்தார். ஆடை விலகிய பிள்ளைக்கு இழுத்து மூடிவிட்ட நிம்மதியோடு இறங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, பந்தயத்துக்கு முன் பழகிப் பார்க்கும் சுற்று. நீலக் கார் நான்கு காலும் தரையில் பதிய, மிக அடக்கமாக முதல் வளைவுக்குப் போனது. போனதும் பின்பக்கம் முன்னால் வந்துவிட்டது.

"என்ன மருமகளே, திரும்பி நின்னு என்னைத் தேடுறியா?" என்றது ஸ்பீக்கர்.

இரண்டாவது வளைவில் கார் புல்லுக்குள் போனது. மூன்றாவதில் சுவர்.

"கயிறு எடுத்துட்டு வரட்டுமா?"

மகள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். "வண்டியோட செட்டப் மூணு வாரமா பார்த்துப் பார்த்து வச்சது மாமா, அதுல தப்பில்ல. எனக்குத்தான் கை போயிடுச்சு. நான் விட்டுடறேன். நீங்களே ஜெயிச்சதா வச்சுக்குங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் எழுந்தார். கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். மைக்கைப் பார்த்து நிமிர்ந்து நின்றார்.

"சம்பந்தி, கேக்குதா? நேத்து சாயங்காலம் ஆறு பத்துக்கு, ஓட்டுநருக்குத் தெரியாம, முன்கம்பி பின்கம்பி ரெண்டையும் மாத்தினது நான். ஓட்டுநர் மேல எந்தத் தப்பும் இல்ல."

"எதுக்கு சம்பந்தி மாத்துனீங்க?"

"...காலைத் தூக்கிச்சு."

ஸ்பீக்கர் கிழிந்துவிடும்போல ஒரு சிரிப்பு. மகள், "அப்பா!" என்று மட்டும் சொன்னாள். அதிலேயே எல்லாம் இருந்தது. பழையபடி ஏழையும் இரண்டையும் வைத்தாள்.

பந்தயம் எட்டுச் சுற்று. வளைவுக்கு வளைவு நீலக் கார் கூச்சமே இல்லாமல் முன்காலைத் தூக்கியது. முதல் இரண்டு சுற்றுக்கு இன்ஸ்பெக்டர் ஜன்னலைப் பார்த்தார். ஐந்தாவதில் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கடைசி வளைவில், மாமனாரின் சிவப்புக் காருக்கு உள்பக்கமாக மகள் நுழைந்தபோது, "தூக்கு! தூக்கு! இன்னும் தூக்கு!" என்று கத்தியது அவர்தான்.

ஒரு வண்டி நீளத்தில் மகள் ஜெயித்தாள்.

ஸ்பீக்கர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது. "சரி சம்பந்தி. கயிற்றைப் பத்தி இனிமே வாய் திறக்க மாட்டேன். ஆனா, காலைப் பத்திப் பேசக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே?"

"தாராளமா பேசுங்க," என்றார் இன்ஸ்பெக்டர், முதுகு வளையாமல். "பின்னாலேருந்து பார்த்தேன்னு முதல்ல சொல்லிட்டுப் பேசுங்க."