பார்க்க: கூலிகள்

சாவி வைத்திருக்கிறவனை நம்பாதே என்பதுதான் பழனியாண்டி தன் ஆயுசில் படித்த ஒரே பாடம். தேயிலைத் தோட்டத்தில் ஸ்டோர் சாவி வைத்திருந்தவன் மாவில் மண்ணைக் கலந்தான். மருந்தறைச் சாவி வைத்திருந்தவன் இருமலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஒரே போத்தலைச் சாய்த்துக் கொடுத்தான். ஆகவே மகள் யோகமலர், தான் எழுதிய புத்தகத்தை மாத்தளையில் ஒரு சங்கம் நடத்துகிற நூலகத்துக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தாள் என்று கேட்ட நாளிலிருந்து அவருக்கு மனசு சரியில்லை.

"கிழிச்சுக் கடலை சுத்தத்தான் போறானுங்க பாரு," என்றார்.

"ஒங்களுக்கு எல்லாமே கடலை சுத்தத்தான்," என்றாள் மகள். அவள் இரத்தோட்டையில் பள்ளிக்கூட டீச்சர். அவளுக்கு உலகத்தின் மேல் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை மிச்சமிருந்தது.

அந்தப் புத்தகம் வேறு யாருடைய புத்தகமாக இருந்தாலும் கிழவர் கவலைப்பட்டிருக்க மாட்டார். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து பறித்த பெண்கள் தங்கள் வாயால் சொன்னதை மகள் அதில் எழுதி வைத்திருந்தாள். முதலில் பேசுகிறவள் ராசம்மா. பழனியாண்டியின் பெண்சாதி. நிறைமாசத்தில் மலைக்கு விரட்டப்பட்டதையும், கூடையை இறக்கி வைக்கக்கூட நேரமில்லாமல் தேயிலைக்கு நடுவிலேயே பிள்ளை செத்து விழுந்ததையும், மண்ணள்ளி மூடிவிட்டு மறுபடி கொழுந்து பறிக்கிற நிரையில் போய் நின்றதையும் அவள் சொல்லியிருந்தாள். கூடவே படுத்து எழுந்த புருஷனிடம் அவள் அதை முழுசாகச் சொன்னதில்லை. அவள் கண்ணை மூடிய பிறகு மகள் வாசித்துக் காட்டித்தான் அவருக்கே தெரியும். அப்பேர்ப்பட்ட பேச்சை ஊரான் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா?

ஒரு திங்கட்கிழமை, மகள் பள்ளிக்கூடம் போனதும், பஸ் ஏறிவிட்டார்.

நூலகத்துக்குள் கால் வைத்ததுமே வௌவால் மூத்திர நாற்றம் மூக்கில் அடித்தது. கட்டிடம் கட்டப் பணம் கொடுத்த புண்ணியவானின் படத்தில் ஒரு மாலை காய்ந்து சருகாகித் தொங்கியது. அதற்குக் கீழே இரண்டு பேர் பத்திரிகையை முகத்தில் விரித்துக்கொண்டு வாய் பிளந்து தூங்கினார்கள். இங்கேயா ராசம்மாவைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள் என்று கிழவருக்குப் பொறுக்கவில்லை.

மேசையில் நுஸ்லா என்ற பெண் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். கிழவர் மகளுடைய பெயரையும் சொல்லவில்லை, புத்தகத்தின் பெயரையும் சொல்லவில்லை. சொந்தக்காரன் என்று தெரிந்தால் உஷாராகி எங்கிருந்தாவது எடுத்துக் காட்டிவிடுவார்கள். அந்நியனுக்குக் காட்டுகிறார்களா என்பதல்லவா சங்கதி!

"ஏம்மா, தோட்டத் தொழிலாளிங்களப் பத்தின பொஸ்தகம் இருக்கா?"

"ஈக்குது பெரியவரே. கொஞ்சம் நில்லுங்க."

அவள் தட்டிவிட்டுத் திரையை அவர் பக்கம் திருப்பினாள். பழனியாண்டிக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், அவ்வளவுதான். ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிச் சேர்த்தார். *தோட்டத் தொழிலாளர். பார்க்க: கூலிகள்.*

ஒருமுறை வாசித்தார். கண் கோளாறாக இருக்கும் என்று துண்டால் துடைத்துவிட்டு இன்னொருமுறை வாசித்தார்.

"என்னாம்மா இது? கொம்பியூட்டரு என்னைய வையிதா?"

"அல்லாவே, இல்ல பெரியவரே. அந்தத் தலைப்புல ஒண்டும் ஈக்காது. கூலிகள்ல போய்ப் பாருங்க எண்டு வழி சொல்லுது. ஒங்கட ஆக்கள்ட புத்தகம் எல்லாம் அங்கதான் ஈக்குது." சொல்லிக்கொண்டே அவள் இன்னொரு தட்டுத் தட்டினாள். வரிசை விழுந்தது. கடைசியில் மகள் பெயர்.

லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருட்டில் வெறுங்காலோடு போகிறவன் மிதிக்கக் கூடாததை மிதித்து, அது விரலிடுக்கில் பிதுங்குகிறபோது ஒரு அருவருப்பு உடம்பு முழுக்க ஏறுமே, அது ஏறியது கிழவருக்கு. கங்காணி கூப்பிட்டது அந்தப் பெயர். துரை பங்களா நாய்க்காரன் கூப்பிட்டது அந்தப் பெயர். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார மனமில்லாதவன் முணுமுணுத்தது அந்தப் பெயர். இப்போது ராசம்மா நெற்றியிலும் ஒட்டியாகிவிட்டது.

"கூப்புடு ஒன் பெரிய ஆள," என்றார்.

பெரிய ஆள் மாணிக்கவாசகம் உள்ளறையிலிருந்து, வாயில் பிஸ்கட் துகளோடு வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். வந்து மாத்தளையிலேயே தலை நரைத்தவர்.

"என்ன பிரச்சினை?"

"நாங்க இங்க கூலிங்களாங்க?"

மாணிக்கவாசகம் திரையைப் பார்த்தார், சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கிழவர் சாகும்வரை மறக்க மாட்டார். பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் சிரிப்பு.

"இஞ்ச பாருங்கோ, இது ஏச்சு இல்லை. இது பொருள் தலைப்பு. ஒரு விசயத்துக்கு ஒரு தலைப்புத்தான் இருக்கலாம். ஒருத்தர் தொழிலாளர் எண்டு போட, இன்னொருத்தர் உழைப்பாளர் எண்டு போட, மற்றவர் மலையகத்தார் எண்டு போட, புத்தகமெல்லாம் சிதறிப் போயிடும். தேடி வாற ஆள் பாவமெல்லோ. அதுக்காகத்தான் கொழும்புத் தலைமை நூலகம் ஒரு பட்டியல் தந்திருக்குது. அதில இருக்கிற சொல்லைத்தான் போடலாம். மற்றச் சொல்லுகளுக்கெல்லாம் 'பார்க்க' எண்டு வழி காட்டி விடுறது."

"ஒரே தலப்புதான்னா, அத நல்ல தலப்பா வைக்கிறதுக்கு என்னாங்க?"

"நான் வைச்சதே? வெள்ளைக்காரன் காலத்து இங்கிலீசுப் பட்டியல். அதை அப்பிடியே தமிழாக்கி வைச்சிருக்கினம்."

"அப்ப தொரைமாரும் அதுல இருப்பாங்கள்ல. அவங்களுக்கு என்னா பேரு? தட்டும்மா."

நுஸ்லா தட்டினாள். திரையைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. "பெருந்தோட்ட முகாமையாளர்கள்."

"பாருங்க, வாய் நெறயப் பேரு! இவருக்கு? லைப்ரரி ஐயாவுக்கு?"

"நூலகவியலாளர்கள்."

"ஏன், இவரும் மாசம் பொறந்தா கூலி வாங்குறவருதானே? இவரையும் எங்ககூட போட்டா என்னா, எடம் பத்தாதா?"

தூங்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் பத்திரிகைக்குள்ளேயே களுக்கென்று சிரித்தான். மாணிக்கவாசகத்தின் முகம் கறுத்தது. பட்டியலை மாற்ற வேண்டுமென்றால் காரணம் காட்டிக் கொழும்புக்குக் கடிதம் எழுத வேண்டும், அவர்கள் கூடிப் பேச வேண்டும், தன் கையில் ஒன்றுமில்லை என்றார்.

"அதெல்லாம் எனக்கு வேணாம். கடைசில இருக்கே, அது எம் மக பொஸ்தகம். எம் பொண்டாட்டி அதுல பேசுறா. அத அங்கேருந்து எடுங்க. எடுத்தாத்தான் நான் போவேன்," என்று கிழவர் வாசலுக்குக் குறுக்கே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மாணிக்கவாசகத்துக்குச் சாப்பாட்டு நேரம். உள்ளே பார்சல் ஆறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு அலுத்துப்போய், "சரி. இந்த ஒண்டை மட்டும் 'இலங்கை, பொது' எண்டதில போடு பிள்ளை," என்றார்.

"சேர், அதுல போட்டா..." என்று நுஸ்லா வாயெடுத்தாள்.

"போடு எண்டனான்." பிறகு கிழவரிடம், "வெள்ளிக்கிழமை இந்தப் பதிவெல்லாம் தலைமை நூலகத்துக்குப் போகுது. அதுக்குப் பிறகு நான் நினைச்சாலும் கை வைக்கேலாது. உங்களுக்கு நல்ல காலம்," என்றார்.

பழனியாண்டி பஸ்ஸில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். சாவிக்காரன் ஒருவனை மடக்கிவிட்ட திருப்தி. மகள் வந்ததும், செருப்பைக் கழற்றக்கூட விடாமல், நடந்ததையெல்லாம் நடித்தே காட்டினார்.

யோகமலர் சிரிக்கவில்லை. பையை வைத்துவிட்டுக் கதவோரமே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாப்பா செஞ்சு வச்சிருக்கீங்க?"

"ஏன், அந்த நாத்தத்துலருந்து ஒங்கம்மாவ வெளிய எடுத்தேன்."

"அந்தத் தலைப்ப புத்தகம் குடுத்த அன்னைக்கே நான் பாத்தேன்."

"பாத்துட்டா சும்மா வந்த?"

"வயிறெரிஞ்சுதான் வந்தேன். ஆனா யோசிச்சேன். நம்மளப் பத்தித் தேடுறவுங்க எதத் தட்டினாலும் அந்தக் கொம்பியூட்டரு அங்கதான் தள்ளிவிடும். தொழிலாளர்னாலும் அங்கதான், மலையகம்னாலும் அங்கதான். போன மாசம் கெம்பஸ் படிக்கிற ஒரு புள்ள அங்க போய்த்தான் அம்மா சொன்னதக் கண்டுபிடிச்சு, என்னைத் தேடி இரத்தோட்டைக்கே வந்திச்சு. 'பொது'வுல என்னா இருக்குன்னு தெரியுமா? ரோட்டு மேப்பு, முத்திரை சேக்குறது, மந்திரி பொறந்தநாள் மலரு. எங்கயும் சேராததயெல்லாம் கொட்டுற குழி அது. அதுக்குள்ள போய் எங்கம்மாவ யாரு தேடுவா?"

கிழவர் ஒத்துக்கொள்ளவில்லை. மானம் பெரிசா, தேடுறவன் பெரிசா என்று கத்தினார். மகள் கேட்டாள்:

"அம்மா நாள் முழுக்கக் கொழுந்து பறிக்கிறாங்க. நிறுத்தும் குடுத்தாச்சு. ஆனா கணக்கப்பிள்ளை செக்ரோல் புஸ்தகத்துல பேரு போடல. அப்ப என்னா அர்த்தம்?"

"அன்னைக்கி வேலைக்கே வரலன்னு அர்த்தம்," என்றார் பழனியாண்டி. இதைக்கூடவா கேட்பாள் என்ற வேகத்தில் சொன்னார். சொன்ன பிறகுதான் அது அவருக்கு உறைத்தது. அரைநாள் கூலிக்கு அரைப்பேர் போட்டாலும் அது பேர். கணக்கப்பிள்ளை காறித் துப்பிக்கொண்டே எழுதினாலும் அது பேர். பேர் விழாத நாளுக்காக எத்தனை பேர் அந்த ஆபீஸ் வாசலில் அழுதுகொண்டு நின்றதை அவர் பார்த்திருக்கிறார்! அந்தத் தலைப்பில் வையப்பட்டுக்கொண்டாவது இருந்தாள் ராசம்மா. இப்போது அவள் மலைக்கே வரவில்லை என்று தன் கையாலேயே எழுதிவிட்டு வந்திருக்கிறார்.

"நான் போய்ச் சொல்லிக்கிறேன்ப்பா," என்றாள் மகள்.

"வேணாம். எடுக்கச் சொன்னவன் நானு."

வியாழக்கிழமை போனார். மாணிக்கவாசகம் முன்மேசையிலேயே நின்றார். கிழவர் வந்த காரியத்தைச் சொன்னதும் அதே சிரிப்பு மறுபடி வந்தது.

"நான் அண்டைக்கே விளங்கப்படுத்தினனான்தானே. சரி, எந்தத் தலைப்பில போட?"

"முந்தி இருந்ததுலயே."

"எது எண்டு சொல்லுங்கோ."

"சேர், எனக்குத் தெரியும், நான் அடிக்கிறேன்," என்றாள் நுஸ்லா அவசரமாக.

"நீ பேசாமல் இரு பிள்ளை. பிறகு இவர் வந்து வாசலில குந்திக்கொண்டு சண்டை பிடிக்கக்கூடாது. அவற்ற வாயாலயே சொல்லட்டும்."

"நீங்க எங்களுக்குன்னு வச்சிருக்கிற எடத்துல போடுங்க," என்றார் பழனியாண்டி.

"அந்த இடத்துக்கு ஒரு பேர் இருக்குதெல்லோ."

தூங்குகிறவர்கள்கூட அன்றைக்கு விழித்திருந்தார்கள். ஆயுசு முழுக்க அடுத்தவன் வாயிலிருந்து தன் மேல் விழுந்ததை, முதல்முறையாகத் கிழவர் தன் வாயால் தன் பெண்சாதி மேல் போட வேண்டியிருந்தது.

"கூலிகள்," என்றார்.

நுஸ்லா அவர் முகத்தைப் பார்க்காமல் தட்டினாள். தட்டி முடித்துத் திரையைத் திருப்பிக் காட்டினாள். மகள் பெயர் பழைய இடத்தில் நின்றது. கிழவர் எழுத்துக் கூட்டிச் சரிபார்த்தார். போவதற்குத் திரும்பியவர் நின்றார்.

"மாத்தச் சொல்லிக் கொழும்புக்கு எழுதலாம்னு அன்னைக்கு சொன்னீங்க. இத்தன வருசத்துல நீங்க எழுதினீங்களா?"

"நானோ?" மாணிக்கவாசகம் கண்ணாடியைக் கழற்றினார். "ஒருத்தரும் வந்து கேக்கேல்லையே."

"திங்கக்கெழம நான் கேட்டேனே."

அவர் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். நன்றாகத் துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். "எனக்கு ஓய்வு பெறுற நாள் கிட்டுது, ஐயா. போற நேரத்தில ஏன் அவையளோட மல்லுக்கு நிப்பான்?"

தட்டிக்கழிக்க மட்டும் வந்த அந்த 'ஐயா'தான் கிழவருக்கு எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது. வெளியே வந்து, பஸ் நிலையக் குழாயில் வாயைக் கொப்பளித்தார். பிறகு இன்னொருமுறை கொப்பளித்தார். அந்தச் சொல் வாயை விட்டுப் போகவில்லை.

வீட்டில் யோகமலர் சோறு போட்டு வைத்துவிட்டு, "போட்டாச்சாப்பா?" என்றாள்.

"போட்டாச்சு. நான்தான் சொன்னேன், என் வாயால."

அவள் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் தொடவில்லை.

"அந்தாளு மேல எனக்குக் கோவமில்ல, மலரு. கோவப்படறதுக்கு அங்க ஒரு மனுசன் இருக்கணும்ல. நடக்கிற பாதையில எவனோ ஒருத்தன் எந்தக் காலத்துலயோ பேண்டு வச்சிட்டுப் போயிட்டான். இவரு என்னா செய்யிறாரு? அதுக்குப் பக்கத்துலயே நாற்காலியப் போட்டு உக்காந்துக்கிட்டு, வாறவுங்க போறவுங்களுக்கெல்லாம், 'இந்தப் பக்கம், இந்தப் பக்கம்'னு கை காட்டிக்கிட்டு இருக்காரு. அதுக்கு மாசச் சம்பளம். ஒரு மம்பட்டியத் தூக்க மனசு வரல."

"நான் எழுதுறேன்ப்பா கொழும்புக்கு. பள்ளிக்கூடத்து டீச்சருங்க எல்லாருகிட்டயும் கையெழுத்து வாங்கி எழுதுறேன்."

"எழுது," என்றார் பழனியாண்டி. "ஆனா அந்தாளு கைல குடுத்து அனுப்பிறாத. நேராக் கொண்டுபோயி அவனுங்க மேசை மேலயே வையி." அப்புறம்தான் சோற்றில் கை வைத்தார்.