நண்டு வலைய எவன்டா எடுத்தான்

மோகனப்பிரியா அனுப்பிய பதினாறு தலைப்புகளையும் கல்லூரி போர்ட்டல் திருப்பி அடித்துவிட்டது. முகத்தைப் பார்த்து வருகைப்பதிவு எடுப்பதா, எண்பத்தொன்பது சதவீதம் ஒற்றுமை. நெற்பயிர் நோயைப் போட்டோவில் கண்டுபிடிப்பதா, தொண்ணூற்று மூன்று. சீனியர்கள் செய்தது, அவர்களுக்கு சீனியர்கள் செய்தது, அத்தனையும் அதற்கு ஞாபகம் இருந்தது. கடைசி வருஷ பிராஜெக்ட் என்றால் அதுவரை யாருமே செய்யாததாக இருக்க வேண்டும் என்பது எச்.ஓ.டி.யின் கட்டளை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு போர்ட்டலை மூடிவிடுவார்கள்.

நாலு ஐம்பத்தாறுக்கு அவள் ஏரிக்கரையில் கவிழ்த்துப்போட்ட படகின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவர்கள் குப்பத்தில் அங்கேதான் சிக்னல் கிடைக்கும். போனின் கீழ்ப்பாதி வேலை செய்யாது. அதனால் டைப் அடிக்க முடியாது. வாயால் சொன்னால் அது எழுதிக்கொள்ளும். நல்லவேளையாக சப்மிட் பட்டன் மேல்பாதியில் இருந்தது. மைக்கை அழுத்திவிட்டு, என்ன சொல்வது என்று தெரியாமல் தண்ணீரைப் பார்த்தாள்.

அப்போதுதான் அவள் நைனா, அதாவது அப்பா, கங்காதரன் கரையே அதிரும்படி கத்திக்கொண்டு வந்தார்.

“என் நண்டு வலைய எவன்டா எடுத்தான்? இன்னிக்குத் தெரிஞ்சாவணும்!”

போன் அதை அப்படியே எழுதிக்கொள்ள, தூக்கிவாரிப் போட்டதில் விரல் சப்மிட் பட்டனில் பட்டுவிட்டது. போன் கொஞ்சம் யோசித்தது. பிறகு பச்சை எழுத்தில் காட்டியது: ஒற்றுமை பூஜ்ஜியம். தலைப்பு ஏற்கப்பட்டது.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய் அவளுடைய கைடு ஹேமந்த் சார் முன்னால் நின்றாள்.

“சார், அது எங்க நைனா கத்தினது.”

“எட்டு வருஷத்துல பூஜ்ஜியம் வாங்குன முதல் ஸ்டூடண்ட் நீதான்மா.” சார் எழுந்து கை கொடுத்தார். “எச்.ஓ.டி. நோட்டீஸ் போர்டுலயே போட்டுட்டாரு.”

“மாத்திக்கலாமா சார்?”

சார் அதற்கான படிவத்தைத் திறந்து காட்டினார். காரணம் என்ற இடத்தில் தேர்ந்தெடுக்க இரண்டுதான் இருந்தன: மாணவர் மரணம், கைடு மரணம். இரண்டையும் அவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வலையைக் கண்டுபிடிச்சிடும்மா,” என்றார்.

அவள் திரும்பி வருவதற்குள் சேதி ஊருக்கு வந்துவிட்டது. கங்காதரன் பொண்ணு கம்ப்யூட்டர் வெச்சு திருடனைப் பிடிக்கப்போவுதாம். லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தால், வாசலில் நின்றவர்கள் உள்ளே போனார்கள். அவளோ இன்னும் ஒரு வரி புரோகிராம்கூட எழுதியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் வாசலைத் திறந்தால் மூன்று வலைகள் கிடந்தன. அதற்கு அடுத்த நாள் நாலு. ஒரு வாரத்தில் பதினொரு வலை, ஒரு நங்கூரம், யார் வீட்டுச் சீரிலோ வந்த ஒற்றைக் குத்துவிளக்கு. ஊர்ப் பஞ்சாயத்தில் முதல் ஆளாகக் குந்துகிற செங்கல்வராயன் நடுப்பகலில் நேராகவே வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வைத்தார்.

“இது கோயில் நாற்காலி பாப்பா. என் வூட்டுக்கு எப்டி வந்துச்சுன்னே தெரில. கம்ப்யூட்டராண்ட ஒரு வார்த்த சொல்லிடு.”

வந்த பதினொன்றில் நைனாவின் வலை மட்டும் இல்லை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. வாசலில் வலை சேரச் சேர அவருக்குச் சோறு இறங்குவது குறைந்துகொண்டே வந்தது.

முதல் ரிவ்யூவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“துல்லியம் எவ்வளவு?” என்றார் நடுவில் இருந்தவர்.

“பதினொரு வலை வந்துச்சு சார். எங்களுது வரல.”

“என்ன அல்காரிதம்?”

“ஊர்ல சேதி பரவிச்சு சார்.”

“வேகமா இருக்கு,” என்று எழுதிக்கொண்டார். “ஆனா புரோகிராம் இல்லாம மார்க் போட முடியாதும்மா.”

அதனால் எழுத உட்கார்ந்தாள். நாற்பத்திரண்டு வீட்டிலும் ஏறி இறங்கினாள். வலை காணாமல் போன அன்றைக்கு யார் எந்த நேரத்தில் ஏரிக்குப் போனார்கள், வலையைக் கடைசியாக எங்கே பார்த்தார்கள், காற்று எந்தப் பக்கம் அடித்தது, எல்லாம் கேட்டுப் பதிந்தாள். நைனா மட்டும் பிடி கொடுக்கவில்லை. “வேல கீது கண்ணு, அப்பாலிக்கா” என்று நழுவினார்.

புரோகிராம் ஓடி முடித்து ஒரு பெயரைக் காட்டியது. கங்காதரன், தொண்ணூற்றேழு சதவீதம்.

ஏதோ தப்பு என்று புரோகிராமை முழுக்கத் திருப்பிப் பார்த்தாள். தப்பில்லை. வலை அவர் படகில் போனதைப் பத்துப் பேர் பார்த்திருந்தார்கள். திரும்பி வந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை.

நைனா படகில் தனியாக உட்கார்ந்து, மொண்டு தீர்ந்த தண்ணீரையே மறுபடி மொண்டுகொண்டிருந்தார். அவள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள்.

“போன்ல ரீல்ஸ் பாத்துக்கினு இருந்தேன் கண்ணு,” என்றார், தலை நிமிராமல். “ஒருத்தன் நாய்க்குப் புடவ கட்டினு இருந்தான். சிரிச்சி முடிச்சி நிமிந்து பாக்கறேன், வலையோட மெதப்பு ஒண்ணு கூட இல்ல, தண்ணி இஸ்துகினு பூட்ச்சி. உங்கம்மாவுக்கு இன்னா பதில் சொல்றதுன்னுதான் கத்தினேன்.” லேப்டாப்பை அவள் பக்கமே தள்ளினார். “எம் பேரயே போட்டுடு. உன் படிப்புதான் முக்கியம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் மறுபடி இல்லாத தண்ணீரை மொள்ளத் தொடங்கியதும் நின்றுவிட்டது. ஊரே தன் திருட்டை வாசலில் கொண்டுவந்து கொட்ட, திருடாத மனுஷன் மூன்று மாதமாக ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார்.

கடைசித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார்.

“எடுத்தது யாரு?”

“நீரோட்டம் மேடம்.” காற்று, ஆழம், நேரம் போட்டுக் கணக்கிட்ட ஏரிப் படத்தை விரித்தாள். “தென்காத்து தள்ளியிருக்கு. கணக்குப்படி வலை இப்ப ஏரியோட வடகோடில, ஆந்திரா பக்கம் இருக்கணும்.”

“வேற மாநிலமா?” பேராசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். “இத ஏம்மா முன்னாடியே சொல்லல?” தொண்ணூற்று நாலு மார்க் போட்டார். வலையைத் தவறவிட்டது யார் என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் சொன்னபோது அம்மா லோகநாயகி மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“நீரோட்டம் இட்டுனு போற வரிக்கும் இந்த ஆளு இன்னா பண்ணிக்கினு இருந்தாரு?” என்றாள்.

மோகனப்பிரியா வாயைத் திறக்குமுன் நைனாவே முன்னால் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், நாய் கட்டியிருந்த புடவையின் நிறம் உட்பட. லோகநாயகி திட்ட ஆரம்பித்தாள். குழம்பு கொதித்து இறங்கும் வரை திட்டினாள். கங்காதரன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, மூன்று தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.