நாலு மணிக் கட்டம்

"தோள விட்டுடாத, ரூபன். உன் பக்கம் திருப்பு," என்றார் செல்லப்பன் மாமா.

ரூபேந்திரன் அப்பாவின் ஈரத் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தான். சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இக்கரையில், தெப்ராவ் வீட்டின் சமையலறைக்குப் பின்னால், துணி காயப்போடும் கம்பிகளுக்குக் கீழே பெஞ்சு போட்டுக் கடைசியாகக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். சீயக்காய் நுரை சிமெண்டுத் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. முதுகில் ஊற்றச் சொம்போடு சுற்றி வந்த மாமா, ஊற்றாமல் நின்றுவிட்டார்.

இடுப்புக்குக் கீழே ஒட்டியிருந்த துணிக்கட்டு நனைந்து, ஓர் ஓரம் பிரிந்து தொங்கியது. அதனடியில் இருந்த புண் தேநீர்த் தட்டு அளவுக்கு இருந்தது. ஓரங்கள் கறுத்திருந்தன. நடுவில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அது எலும்பு என்று புரிந்ததும் ரூபேந்திரன் கண்ணைத் தூக்கித் துணிக்கம்பியைப் பார்த்தான்.

"போதும். மல்லாத்திடு," என்ற மாமா, சொம்புத் தண்ணீரைத் தரையில் கொட்டினார்.

எதையும் திருப்பிப் பார்க்கும் பழக்கம் அவனுக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா ஐயாசாமி சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் இருபத்தாறு வருடம் கிரேன் ஓட்டியவர். எட்டுக் கைக்கடிகாரங்கள் வைத்திருந்தார். ஒன்றுக்குக்கூட பேட்டரி கிடையாது. "மூஞ்சியப் பாத்து வாங்காதடா. திருப்பி முதுகப் பாரு. அங்கதான் அதோட யோக்கியத தெரியும்," என்பார். சிலவற்றின் பின்மூடி கண்ணாடி. உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று ஊசலாடுவது தெரியும். கை அசைந்தால் தகடு அசையும். தகடு அசைந்தால் பல்சக்கரங்கள் நகர்ந்து சுருள்வில்லை முறுக்கும். முழுதாக முறுக்கேறிய வில் ஏறக்குறைய நாற்பது மணி நேரம் தாங்கும். கை சும்மா கிடந்தால் கடிகாரம் நின்றுவிடும்.

பதினான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதத்தில் அப்பாவுக்கு இடப்பக்கம் விழுந்தபோது, மருத்துவமனையில் மூன்றாம் நாள் அவரது இடக்கைக் கடிகாரம் நின்றது. "பாத்தியா, கட்டிக்கிட்டுதான் இருக்கேன். ஆனாலும் நின்னுபோச்சு," என்று கோணிய வாயால் சிரித்தார். மற்ற ஏழும் அலமாரியில் ஒவ்வொன்றாக நின்றன. எட்டையும் ஓட வைத்து அப்பாவின் கண்முன் நிறுத்திவிட வேண்டும் என்று ரூபேந்திரனுக்கு அன்றே தோன்றிவிட்டது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கழுவிவிடுவது எல்லாம் அக்கா பிரேமலாவின் கைக்குப் போய்விட்டன. அவள் அதற்காகத் தொழிற்சாலை வேலையை விட்டிருந்தாள். மகன் செய்தான் என்று சொல்ல அவனுக்கு இந்த ஒன்றுதான் இருந்தது.

கடிகாரங்களைச் சுழற்றி வைக்கும் அலமாரி ஒன்றை வாங்குவது பார்வைக்கு எளிய வேலை. உண்மையில் அப்படி இல்லை. சில கடிகாரங்கள் வலச்சுற்றில் மட்டும் முறுக்கேறும், சில இரண்டு பக்கமும் ஏறும். ஒன்றுக்கு ஒரு நாளைக்கு அறுநூற்றைம்பது சுற்றுப் போதும், இன்னொன்றுக்கு எண்ணூறு வேண்டும். ஆகவே கடிகாரம் மாட்டும் ஒவ்வொரு சிறு மெத்தைக்கும் தனித்தனி மோட்டார் இருக்க வேண்டும். சில நிமிடம் சுற்றி, நெடுநேரம் ஓய்ந்து, மறுபடி சுற்ற வேண்டும். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் அறை எடுத்துத் தங்கி, சிப் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்த்தவனுக்கு இதெல்லாம் தேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு வருவான். முதுகுக்குத் தலையணை கொடுத்து அப்பாவைச் சாய்த்து உட்கார வைப்பான். இருவரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சிங்கப்பூர்ப் பாலத்தில் நெரிசல் கூடும் முன் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவான்.

அப்பா லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் வாரம், வார் வைக்க இழுப்பறை இல்லை என்றார். அடுத்த வாரம் வீட்டுப் பத்திரத்துக்கும் ஓர் இழுப்பறை கேட்டார். கைரேகைப் பூட்டைக் காட்டியபோது, "கரண்டு போனா? சாவியும் வேணும்லா," என்றார். மரக்கதவைக் காட்டினால் படுக்கையிலிருந்து தெரியாது, கண்ணாடிதான் வேண்டும் என்றார். கண்ணாடியைக் காட்டினால் திருடன் உடைப்பான். கனத்த கண்ணாடியைக் காட்டினால் உள்ளே இருட்டு. தொட்டால் விளக்கு எரிகிற ஒன்றைக் கண்டுபிடித்துக் காட்டினால் மோட்டார் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும். ஏழெட்டு வாரம் இப்படியே போனது. கடைசியில், பத்து நாட்களுக்கு முன், எல்லாம் பொருந்திய ஒன்று அகப்பட்டதும், அப்பாவிடம் சொல்லாமலே ரூபேந்திரன் ஆர்டர் கொடுத்துவிட்டான். தேர்ந்தெடுக்க இனி ஒன்றுமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் கிடைத்தது; எடுத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை அப்பாவுக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை விடியும்போது போய்விட்டார்.

இன்று சனி. வேட்டி கட்டி, திருநீறு பூசி, கூடத்தில் பெஞ்சின் மேல் அப்பாவைக் கிடத்திய சற்று நேரத்தில் வாசலில் போட்டிருந்த கூடாரத்தின் முன் லோரி ஒன்று நின்றது. இரண்டு பேர் ஆளுயரப் பெட்டி ஒன்றை இறக்கினார்கள். நாற்காலிகளில் இருந்தவர்கள் சவப்பெட்டி என்று எண்ணி எழுந்து வழிவிட்டார்கள். பாலோ ஊரிலிருந்து வந்திருந்த கிழவர் ஒருவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"பெட்டி நாலு மணிக்குத்தான வரும்னான்? இவ்வளவு ஒசரமா எதுக்கு?" என்றார் மாமா.

"அது இல்ல மாமா. இது... வேற."

லோரிக்காரருக்கு அப்போதுதான் மாலைகள் கண்ணில் பட்டன. "அலமாக். சோரி பாஸ். நந்தி டத்தாங் லாகி," பிறகு வருகிறோம் என்று தொப்பியைக் கழற்றினார்.

"ஏன் திருப்பி அனுப்புற?" வாசற்படியில் பிரேமலா நின்றிருந்தாள். வலது மணிக்கட்டில் எப்போதும்போல் பட்டைத்துணி சுற்றியிருந்தது. "உள்ள வைக்கச் சொல்லு. அப்பா பாக்கணும்னுதான வாங்கின? இப்பப் பாக்கட்டும். எங்கயும் போகல."

"க்கா, ஆளுங்க இருக்காங்க."

"இருந்தா என்ன. என் தம்பி வாங்கினதுன்னு அவங்களும் பாக்கட்டும்."

அவன் மாதக்கணக்கில் அளந்து வைத்திருந்த இடம், கூடத்தில் அப்பாவின் கட்டிலுக்கு எதிர்ச்சுவர். அங்கே ஆணியில் ஓர் அட்டை மாட்டியிருந்தது. லோரிக்காரர் அதைக் கழற்றி அவனிடம் கொடுத்தார். ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்ட பேனா, அலமாரியைத் தள்ளியபோது பின்பக்கம் போய்விட்டது. சுவரில் துளைபோட எடுத்த டிரில்லை மாமா ஒரே பார்வையில் உள்ளே வைக்க வைத்தார். மின்கம்பியை மட்டும் செருகி, மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள். சத்தமே இல்லை. விளம்பரத்தில் சொன்னது உண்மைதான்.

கையிலிருந்த அட்டையை மருந்து அட்டவணை என்றுதான் அவன் இவ்வளவு நாளும் நினைத்திருந்தான். இப்போது பார்த்தான். மேலே கிழமைகள். இடப்பக்கம் ஆறு, எட்டு, பத்து என்று இரண்டிரண்டு மணிக்கு ஒரு வரி, இரவுக்கும் சேர்த்து. கட்டங்களில் ஒற்றை எழுத்துகள்: வ, இ, ம. வலது, இடது, மல்லாக்க. ஒரு தாளுக்கு அடியில் போன வாரத் தாள், அதற்கடியில் அதற்கு முந்தினது. எல்லாத் தாளிலும் ஞாயிறு இரண்டு மணிக் கட்டத்திலும் நாலு மணிக் கட்டத்திலும் எழுத்து இல்லை. 'தம்பி' என்று எழுதியிருந்தது.

கடைசி ஞாயிறு மட்டும் வேறு. இரண்டு: உட்கார்ந்திருக்கார். நாலு: உட்கார்ந்திருக்கார். ஆறு: உட்கார்ந்திருக்கார்.

"க்கா," என்றான். "முதுகுல... எப்ப இவ்வளவு ஆச்சு?"

அவள் அவனுடைய கையைப் பிடித்து, கட்டைவிரல் நகத்தை அழுத்தினாள். "பாரு, வெள்ளையாயிருச்சு. விட்டா?" விட்டாள். சிவப்பு ஓடி வந்து நிறைந்தது. "கிலினிக் நர்ஸ் மிஸ்ஸி இப்படித்தான் எனக்குக் காட்டுனாங்க. எலும்பு மேல இருக்கிற தோலுக்கும் இதே கததான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் விடணும். விடலன்னா அந்த எடம் செத்துப்போவும். சாஞ்சு உக்காந்தா இன்னும் மோசமாம். ஒடம்பு சறுக்கும், தோலு சறுக்காது. உள்ளயே கிழியும்."

"புண்ணுன்னுதான சொன்ன. சின்னதுன்னு நெனச்சேன்."

"போட்டோ அனுப்பினேன். மருந்து போடுக்கான்னு பதில் போட்ட. அடுத்த நிமிஷம் அலமாரிப் படம் அனுப்பின, அப்பாகிட்ட காட்டுன்னு." அவள் குரல் உயரவில்லை. "காத்து மெத்த கேட்டேன். எது நல்லதுன்னு லிங்க் அனுப்புன்ன. எனக்கு லிங்க் அனுப்பல்லாம் தெரியாதுடா."

காற்று மெத்தையில் வரிசையாகக் குழாய்கள் இருக்கும். ஒன்று விட்டு ஒன்று காற்று ஏறும், இறங்கும். உடம்பின் கனம் ஓரிடத்திலேயே நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்கும் ஒரு சிறிய மோட்டார்தான். ஒரே மாலையில் அவனால் தேர்ந்தெடுத்திருக்க முடியும்.

"நான் இருந்தப்ப நீ வந்து திருப்பியிருக்கலாமேக்கா."

"வந்தேன். ரெண்டு பேருமே போன்னு சொன்னீங்க. நீ வாயால சொன்ன, அப்பா கையால சொன்னாரு. நீ போனப்பறம் கேட்டேன், வலிக்குதுல்ல, சொல்ல வேண்டியதுதானேன்னு. படுத்துட்டா அவன் கெளம்பிருவான்னாரு. அடுத்த வாரத்துக்கு என்ன கொற சொல்லலாம்னு எங்கிட்டயே யோசன கேட்டாரு. சத்தமா இருக்கும்னு சொல்லுங்கன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"போன வாரம்..."

"நீ வரலன்னு சொன்னேன். நம்பல. தலகாணிய வைய்யின்னாரு."

வாசலில் குரல்கள் கேட்டன. இந்த முறை சரியான பெட்டிதான். பெட்டிக்காரர் மடித்த வெள்ளைத் துணியோடு உள்ளே வந்து, உடம்பை ஒருபக்கம் சாய்த்தால் துணியை அடியில் விட்டுத் தூக்கிவிடலாம் என்றார். "மகன் யாரு? வாங்க, புடிங்க."

ரூபேந்திரன் அட்டையை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து தோளைப் பிடித்தான்.

"தோளப் புடிச்சு இழுக்காத," என்றாள் பிரேமலா. "அப்பாவோட அந்தப் பக்கத்து முட்டிய மடக்கு. ஒரு கை இடுப்புல, ஒரு கை தோளுக்கு அடியில. இப்பத் தூக்காத, உருட்டு. ஒன் மேல சாயட்டும்."

அவள் சொன்னபடியே செய்தான். இத்தனை சுலபமாக வரும் என்று அவனுக்குத் தெரியாது. அப்பா முழுதாக அவன் பக்கம் திரும்பி, நெற்றித் திருநீறு அவன் சட்டையில் ஒட்ட, சாய்ந்திருந்தார். பெட்டிக்காரர் துணியை அடியில் விட்டார்.

"சரி, விடலாம்," என்றார். ரூபேந்திரன் விடவில்லை. மாமா வந்து அவன் கையை மெல்ல எடுத்துவிட்டார்.

சுவர்க்கடிகாரத்தில் மணி நாலு. பிரேமலா அட்டையை இடது கையில் வைத்துக்கொண்டு, பார்க்காமலே, வலது கையைப் பேனாவுக்காகச் சுவர்ப்பக்கம் நீட்டினாள். விரல்கள் கண்ணாடியில் பட்டன. உள்ளே விளக்கு எரிந்தது. எட்டுச் சிறு மெத்தைகளும் காலியாக, மெதுவாக ஒருபக்கம் சுற்றின. நின்றன. பிறகு மறுபக்கம் சுற்றத் தொடங்கின.