போட்டாச்சு

உலகக் கார் பந்தயத்தை இந்த ஊருக்கே கொண்டுவந்துவிட்டதாக முதலாளி மார்தட்டிக்கொண்டபோது, அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்கக் கணக்கருக்கு வாய் வரவில்லை. பந்தய நாள் காலையில் அந்தக் கேள்வி அவர் தலையிலேயே வந்து விடிந்தது.

பெரிய விளம்பரதாரர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். டிக்கெட் விற்ற லட்சணத்தை வெளியே சொல்ல முடியாது, வருவதில் பாதி இலவச பாஸ் கூட்டம். வங்கியில் மிஞ்சியிருந்த பணம் ஒரு வாய்க்குத்தான் போதும். திறந்திருந்ததோ இரண்டு வாய்கள். ஒன்று, பந்தய அனுமதி தந்த வெளிநாட்டு அமைப்பு. கடைசித் தவணை மதியத்துக்குள் வராவிட்டால் பந்தயம் கிடையாது என்று அவர்கள் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டார்கள். இன்னொன்று, பார்வையாளர் கேலரியைக் கட்டிய ஒப்பந்தக்காரர். அவர் கணக்கரின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

“நான் இருக்கேன்ல மச்சான்” என்று கணக்கர் சொன்னதை நம்பித்தான் அந்த மனிதர் வீட்டை அடமானம் வைத்து இரும்புக் குழாய் வாங்கினார். முன்பணத்துக்குப் பிறகு ஒரு காசு கண்ணில் காட்டவில்லை. அவர் கையில் இருந்தது ஒரே பிடிதான். கேலரி உறுதியானது என்று கட்டியவர் கையெழுத்திட்ட சான்றிதழ் இல்லாமல் ஜனத்தை ஏற்ற முடியாது. பணம் வந்தால் கையெழுத்து என்று அவர் காலை முதல் கேலரிப் படியிலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

முதலாளி முணுமுணுத்துக்கொண்டே, கேலரிப் பணத்தைக் கொடுக்கச் சொல்லும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். மை காயவில்லை, அதற்குள் போன் அடித்தது.

“என்ன மாப்பிள்ளை, போட்டாச்சா?”

கணக்கரின் கண் அந்தக் கையெழுத்தின் மேலேயே இருந்தது. “போட்டாச்சு மச்சான்.”

“டேய், பணம் போட்டாச்சுடா!” என்று மறுமுனையில் மச்சான் தன் ஆட்களிடம் கத்துவது முதலாளிக்கே கேட்டது. “இதோ நானும் கையெழுத்துப் போட்டுட்டேன் மாப்பிள்ளை. சான்றிதழ அதிகாரிகிட்ட குடுத்துடறேன். நீ சொன்னப்புறம் பேங்க்ல வேற பாக்கணுமா?”

கணக்கருக்குச் சுருக்கென்றது. அவர் கேட்டது பணத்தை, இவர் சொன்னது கையெழுத்தை. இல்லை மச்சான் என்று சொல்ல நேரம் இருந்தது, இல்லாமலில்லை. ஆனால் எதிரே முதலாளி விரலை உதட்டில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் கணக்கருக்கு வேலையும் சம்பளமும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. மச்சான் தெரியவில்லை. மறுமுனையில் போனை வைத்துவிட்டார்.

முதலாளி உத்தரவை எடுத்துச் சாவகாசமாகக் கிழித்தார்.

“சான்றிதழ்தான் வந்தாச்சே. அந்தப் பணத்த வெளிநாட்டுக்கு அனுப்புங்க. உங்க மச்சான்தானே, அப்புறம் பேசிக்கலாம்.”

அனுப்பினார். வேறு யாரும் அனுப்பவில்லை, அவர் விரல்தான் பொத்தானை அழுத்தியது. அழுத்திய பிறகுதான் மச்சானைப் போனில் கூப்பிட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. ஜனம் ஏறும்வரை மச்சான் சான்றிதழைத் திரும்பக் கேட்கலாம். ஏறிவிட்டால் அவர் கட்டிய கேலரியில் அவரே ஒரு நட்டைக்கூடக் கழற்ற முடியாது. கணக்கர் படியிறங்கி ஓடினார். செருப்பு ஒன்று கழன்றது, எடுக்கக் குனியவில்லை.

கேலரியின் வாசலை முதலாளி முன்கூட்டியே திறக்கச் சொல்லியிருந்தார். அந்த மனிதருக்கு மூளைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. கீழ் வரிசைகள் நிரம்பிவிட்டன, மேலேயும் ஏறிக்கொண்டிருந்தார்கள். படியடியில் மச்சான் முகமெல்லாம் பல்லாக நின்றார்.

“வா மாப்பிள்ளை! தங்கச்சியையும் பிள்ளைங்களையும் மேல நல்ல இடமாப் பாத்து உக்கார வச்சிருக்கேன். வேல செஞ்ச பசங்களுக்கும் கூலிக்குச் செக் குடுத்தனுப்பிட்டேன். ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் நீ பாத்திருக்கணும்!”

“மச்சான், பணம் வரல.”

தடத்தில் கார்கள் உறுமத் தொடங்கின. மச்சான் காதுக்குப் பின்னால் கையை வைத்தார்.

“என்ன?”

“நான் சொன்னது முதலாளி கையெழுத்த. பணத்த இல்ல!”

“ஒண்ணும் கேக்கல மாப்பிள்ளை, கத்திச் சொல்லு!”

கணக்கர் அடித்தொண்டையிலிருந்து கத்தினார். “பணம் போடல மச்சான்! உனக்கு வரவேண்டியத நானே வேற இடத்துக்கு அனுப்பிட்டேன்!”

முன்வரிசையில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் கையைக் காதிலிருந்து எடுக்க மறந்து நின்றார். கன்னத்தில் ஒரு அறை விழும் என்று கணக்கர் காத்திருந்தார், விழுந்தால் தேவலை என்றுகூட இருந்தது. மச்சான் அவரைப் பார்க்கவே இல்லை. தலையைத் திருப்பி மேல் வரிசையைப் பார்த்தார், பிறகு கிட்டே வந்து கணக்கரின் காதோடு சொன்னார்.

“கத்தாத மாப்பிள்ளை. தங்கச்சி காதுல விழுந்துடப் போவுது.”