மொட்டையன் அட்டையில் தவளை முகன்

வட்ட மேசை சுற்றியது. ஒரு குழி எதிரே வந்து நின்றதும் அதில் பிளாஸ்டிக் கூட்டைக் குப்புறப் போட்டு, கூட்டுக்குள் பொம்மையையும் குப்புறப் படுக்கவைத்து, அதன் இடுப்போரம் குட்டித் துப்பாக்கியைச் செருகுவது ஆமெய்யின் வேலை. அடுத்த நிலையில் குவாய்லான் அட்டையைக் குப்புற வைத்து மூடுவாள். மேசை நகரும். மேலிருந்து சூடான இரும்புப் பலகை இறங்கி, கூட்டை அட்டையோடு ஒட்டி, புஸ்ஸென்று மூச்சுவிட்டு எழும். அதற்கப்பால் நிற்கும் சௌயிங் வெளியே எடுத்து நிமிர்த்தும்போதுதான் பொம்மைக்கு முகமும் அட்டைக்குப் படமும் வரும்.

ஆக, குவாய்லான் அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்த நாளிலிருந்து முதுகுகளை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பொம்மைகளின் முதுகு, அட்டைகளின் முதுகு. அட்டைகளின் முதுகில் வித்தியாசமே கிடையாது. மொத்த விண்வெளிப் பட்டாளமும் வரிசையாக நிற்க, மிச்சப் பேரையும் வாங்கிவிடும்படி கெஞ்சும் ஏதோ ஆங்கிலம். எல்லாவற்றுக்கும் ஒரே முதுகை அச்சடித்தால் அச்சகத்துக்கு மிச்சம். முன்பக்கம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

பொம்மைகளுக்கு அமெரிக்காவில் பெரிய பெரிய பெயர்கள் இருந்தன. அவை தயாராகும் சுன் வான் ஊரில், ஏழாவது மாடியில், அவற்றை யாருக்கும் வாசிக்க வராது. ஆமெய் வைத்ததுதான் பெயர். வழுக்கைத் தலையோடு கறுப்பு அங்கி போட்டவன் மொட்டையன். வாய் காதுவரை கிழிந்தவன் தவளை முகன். தகர உடம்புக்காரன் சோற்றுப்பானை. அலுவலகத்திலிருந்து எட்டிப் பார்க்கும் மேற்பார்வையாளர் ஃபுங்குக்கும் ஒரு பெயர் இருந்தது. அது அச்சில் வராது.

அட்டை மாறுவது சகஜம். மொட்டையன் முடிந்து தவளை முகன் ஆரம்பிக்கும்போது குவாய்லானின் தட்டில் பழைய அட்டை ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். முதுகைப் பார்த்தால் தெரியாது. மூடி, சூடு போட்டு, அந்தப் பக்கம் போய் நிமிர்ந்ததும் சௌயிங் பார்ப்பாள். கூப்பிட மாட்டாள். கத்தரிக்கோலால் மேசை விளிம்பில் இரண்டு தட்டு. குவாய்லான் கையிலிருக்கும் கட்டைப் புரட்டி, தவறை உருவி எடுப்பாள். கெட்டுப்போன பொட்டலத்தைச் சௌயிங் கத்தரித்து, பொம்மையை ஆமெய்யிடம் திருப்பிவிடுவாள். கெட்ட அட்டை பெரிய பெட்டியின் அடியில் மெத்தையாகப் போய்விடும். கெட்ட அட்டைக்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பதால் எல்லா மெஷின்களிலும் இதுதான் நடைமுறை. ஃபுங்குக்குத் தெரியாது என்பது எல்லோருடைய நம்பிக்கை.

இந்த வித்தையைச் சௌயிங்குக்குச் சொல்லிக்கொடுத்ததே குவாய்லான்தான். கப்பலுக்குப் போன புருஷன் கப்பலோடு நின்றுவிட, இரண்டு பிள்ளைகளோடு எதிர்வீட்டுக்குக் குடிவந்தவளை இங்கே கூட்டிவந்து, கெஞ்சி, எடுத்து அடுக்கும் இடத்தில் நிறுத்தியதும் அவள்தான். "அட்டை வைக்கிறவ குருடி. எடுக்கிறவதான் கண்ணு. மறந்துடாத," என்று அன்றைக்கே சொல்லியிருந்தாள்.

இப்போது தொழிற்சாலை எல்லைக்கு அந்தப் பக்கம், கூலி மலிவான ஊருக்குப் போகிறது. புத்தாண்டுக்குப் பிறகு இங்கே ஒரே ஒரு மெஷின்தான். யார் இருப்பது, யார் போவது என்பதை ஃபுங் முடிவுசெய்வார். குவாய்லானின் கணவன் கட்டடங்களுக்கு அஸ்திவாரக் குழி தோண்டி, தோண்டிய பாறையில் பாதியை நுரையீரலில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். வீட்டில் சம்பாதிக்கிற கை அவளுடையது ஒன்றுதான். அந்த மாதம் முழுக்க அவள் கழிவறைக்குக்கூட ஓடித்தான் போய்வந்தாள்.

கன்டெய்னர் மூட வேண்டிய நாளில் ஃபுங் தானே அட்டைகளைச் சுமந்துகொண்டு வந்தார். தேநீர்க் கோப்பையைவிடக் கனமான எதையும் அவர் அந்தத் தளத்தில் தூக்கியதாகச் சரித்திரம் இல்லை.

"என்ன சார், நீங்க போய்!" என்று குவாய்லான் எழுந்தாள்.

"உக்காரு, உக்காரு. சாயங்காலம் லாரி கெளம்பணும். காகிதத்தையும் பிரிச்சே கொண்டாந்துட்டேன். உனக்கு நேரம் மிச்சம்."

வழக்கமாகக் கட்டு பழுப்புக் காகிதத்தில் சுற்றி வரும். மேலே ஒரு அட்டை முகம் தெரிய ஒட்டியிருக்கும். இது அவிழ்த்த கட்டு, முதுகு மேலாக. ஆனாலும் அவள் மேலட்டையைத் திருப்பிப் பார்த்தாள். தவளை முகன் இளித்தான். அடுத்ததையும் பார்த்தாள். அதிலும் அவன்தான்.

"ரொம்ப நன்றி சார்."

"இருக்கட்டும், இருக்கட்டும்."

"நல்லவராயிட்டாருக்கா," என்றாள் ஆமெய், அவர் போன பிறகு. "ஜோசியக்காரன் ஏதோ சொல்லியிருப்பான்."

அன்று மத்தியானம் மேசை நிற்கவே இல்லை. குவாய்லானின் காது மட்டும் வழக்கம்போல் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. ஒரு தட்டு இல்லை. தேநீர் இடைவேளையில் அவள் கை விரல்களை நெட்டி முறித்துக்கொண்டே சொன்னாள்:

"பாத்தியா சௌயிங், இன்னைக்கு ஒரு தட்டு கெடையாது. ஒரு மெஷினத்தான வெக்கப் போறாங்க, அது நம்ம மெஷினா இருக்கட்டும். நாம மூணு பேரும் இருந்துடலாம்."

"ஆமாக்கா," என்றாள் சௌயிங். தன் வெண்ணெய் பன்னைப் பிட்டு, பெரிய பாதியை அவளிடம் நீட்டினாள்.

"ஏண்டி, புள்ளைங்களுக்கு எடுத்துட்டுப் போயேன்."

"சாப்புடுக்கா."

சாப்பிட்டாள்.

சாயங்காலம், வாங்குகிற கம்பெனியின் வெள்ளைக்காரச் சோதனையாளர் வந்தார். எப்போதும் வாசலோரப் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஃபுங்கோடு சாப்பிடப் போகிறவர், அன்றைக்கென்று அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை இழுத்துக் கிழித்தார். வெளியே எடுத்ததைப் பார்த்து முதலில் சிரித்தார். பிறகு வேலையில் இருப்பது ஞாபகம் வந்து முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

மெஷின் நின்றது. ஃபுங் குவாய்லானைக் கூப்பிட்டார்.

மேசைமேல் பொட்டலங்கள் பரப்பியிருந்தன. ஒவ்வொரு அட்டையிலும் மொட்டையன் கறுப்பு அங்கியோடு முறைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் தவளை முகன் பல்லை இளித்துக்கொண்டிருந்தான். ஒன்றிரண்டு என்றால் புரியும். பெட்டி முழுக்க அப்படி. அடுத்த பெட்டியும் அப்படி.

குவாய்லானுக்கு முதலில் எழுந்த கேள்வி இது எப்படி நடந்தது என்பதல்ல. ஏன் தட்டவில்லை என்பதுதான். திரும்பிப் பார்த்தாள். சௌயிங் கத்தரிக்கோலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அது அழுக்காகவே இல்லை.

"என்ன கவனக்கொறைவு இது?" ஃபுங் குரலை உயர்த்தினார். "கண்ண எங்க வெச்சிருந்த?"

"சார், நீங்க கொண்டாந்து குடுத்த கட்டுதான சார். மேல ரெண்டு அட்டையத் திருப்பிக்கூடப் பாத்தேன். தவளைதான் இருந்துச்சு. உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கு எப்டி சார் தெரியும்? முதுகுதான தெரியுது எனக்கு. நீங்களே வந்து இந்த ஸ்டூல்ல உக்காந்து பாருங்க. அவரையும் உக்காரச் சொல்லுங்க."

வெள்ளைக்காரர் ஆவலாக ஃபுங்கைப் பார்த்தார். ஃபுங் மொழிபெயர்த்தார். அவ்வளவு நீளப் பேச்சும் ஆங்கிலத்தில் ஒரு சொல்லாகச் சுருங்கிவிட்டது: "சாரி." அந்தச் சொல் குவாய்லானுக்குத் தெரியும்.

"நான் சாரி சொல்லல சார்!"

ஃபுங் அதை மொழிபெயர்க்கவில்லை.

அவள் சௌயிங் பக்கம் திரும்பினாள். "நீ பாத்தியாடி? ஒண்ணொண்ணா எடுத்து நிமுத்தினியே. பாத்தல்ல?"

தட்டு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் தளத்தில் இருக்கிற எல்லா மெஷினும் மாட்டும், எல்லாப் பெட்டியின் அடியையும் கிளறுவார்கள். ஆமெய் உதட்டைக் கடித்துக்கொண்டு அவளையே பார்த்தாள். மற்ற மேசைக்காரிகளும் பார்த்தார்கள். அவள் விழுங்கிவிட்டாள்.

"நான் எண்ணி அடுக்குறதோட சரி," என்றாள் சௌயிங், ஃபுங்கைப் பார்த்து. "படம் பாக்க நேரம் ஏது?"

குவாய்லான் ஃபுங் பக்கம் திரும்பினாள். வேலை போய்விடும் என்ற பயம் வாயைத் திறக்க வைத்தது.

"சார், ராத்திரி முழுக்க நானே உக்காந்து பிரிச்சு மாத்திக் குடுத்துடறேன். கூலி வேணாம். என்னை மட்டும் அனுப்பிடாதீங்க. வீட்டுல அவரு படுத்த படுக்கையா ஆயிடுவாரு சார்."

"மாத்தறதுக்கு அட்டை ஏது?" என்றார் ஃபுங்.

சொன்ன பிறகுதான் அது அவருக்கே கேட்டது. தளமும் கேட்டது. தவளை முகன் அட்டையே போதுமான அளவு வாங்கப்படவில்லை. இருந்த ஒரு கைப்பிடியை மேலே வைத்து, அடியில் கிடங்கில் தேங்கியிருந்த மொட்டையன்களைச் செருகியாகிவிட்டது. ஐம்பது பெண்களுக்கும் ஒரே நொடியில் விளங்கியது. விளங்காதவர் வெள்ளைக்காரர் ஒருவர்தான். அவருக்கு அந்த மொழி தெரியாது.

ஃபுங் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நாளையிலேந்து வராத," என்றார்.

பிறகு அவரும் வெள்ளைக்காரரும் கண்ணாடி அறைக்குள் போனார்கள். ஏதோ பேரம் நடந்தது. கை குலுக்கினார்கள். வெளியே வந்து ஃபுங் கைகளைத் தட்டினார்.

"டேப் ஒட்டுங்க! லாரி காத்துக்கிட்டிருக்கு!"

"மாத்தாமயா சார்?" என்றாள் ஆமெய்.

"கொழந்தைங்க வெளையாடப் போகுது. அட்டையையா வெளையாடப் போகுது? ஒட்டு."

துணி மாற்றுகிற அறையில் குவாய்லான் மேலங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தபோது சௌயிங் உள்ளே வந்து, கதவருகே நின்றாள்.

"காலைலயே ஃபுங் கூப்ட்டு விட்டாருக்கா. இன்னைக்கு மட்டும் தட்டாதன்னாரு. கன்டெய்னர் போயிட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னாரு. அந்த வெள்ளைக்காரன் நடுப்பெட்டியப் பிரிப்பான்னு யாரு கண்டா?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீ கத்துவ. மெஷின நிறுத்துவ. இருக்கப்போற மெஷின்ல எனக்கு இடம்னாரு. எனக்கு ரெண்டு புள்ளைங்கக்கா."

"எனக்கும்தான் ஒருத்தன் மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்கான்." குவாய்லான் மேலங்கியின் பொத்தானைப் போட்டாள், மறுபடி கழற்றினாள். சட்டென்று நிமிர்ந்தாள். "இரு. தட்டாதன்னா சொன்னாரு?"

சௌயிங் பார்வையைக் கீழே இறக்கினாள்.

"நாம தட்டுறது அவருக்கு எப்டிடி தெரியும்?"

குழாயில் தண்ணீர் சொட்டியது. சௌயிங் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த செருப்பு வாரை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தாள்.

"எப்பச் சொன்ன?"

"சேந்த புதுசுலயேக்கா. வேலை நிரந்தரமாகணும்னா தளத்துல நடக்கறது ஏதாச்சும் சொல்லுன்னாரு. எனக்கு வேற என்ன தெரியும் அப்போ? நீ சொல்லிக்குடுத்தது ஒண்ணுதான் தெரியும்."

குவாய்லான் மேலங்கியை ஆணியில் மாட்டினாள். அங்கே நீலப் பருத்தியில் நாற்பது, ஐம்பது மேலங்கிகள் ஒரே மாதிரி தொங்கின. அவற்றுக்கு வித்தியாசம் இல்லை. பையை எடுத்துக்கொண்டு, சௌயிங்கைத் தொடாமல் ஒதுங்கி வெளியே வந்தாள்.

லிஃப்ட் வாசலில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. லிஃப்ட்காரன் கையை விரித்தான். "எடமில்லக்கா. பெட்டி போகட்டும். நீங்க படில எறங்குங்க." அவள் ஏழு மாடியும் இறங்கினாள். கீழே வந்தபோது லாரி நிரம்பி, பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

வாசல் காவலர் சுங் கூச்சத்தோடு மேசையைக் காட்டினார். வீட்டுக்குப் போகிற எல்லாப் பெண்களின் பையையும் பார்ப்பது அங்கே வழக்கம். பொம்மை திருடிவிடுவார்களாம்.

"தப்பா நெனைக்காதம்மா. மேலேந்து போன் பண்ணிட்டாங்க. இன்னைக்கு நல்லாப் பாத்து அனுப்பணுமாம்."

அவள் பையைக் கவிழ்த்தாள். குடை, வீட்டுச் சாவி, கணவனுக்கு வாங்கிய இருமல் மருந்து, ஒரு சீப்பு. சுங் மருந்துப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பையின் உள்துணியைத் தடவினார்.

அப்போது வெள்ளைக்காரர் படியிறங்கி வந்தார். கோட்டின் இரண்டு பாக்கெட்டிலும் இரண்டிரண்டு பொட்டலங்கள். மடங்காத அட்டைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மொட்டையன்களுக்கு முன்னால் தவளை முகன்கள் இளித்துக்கொண்டு வந்தார்கள். வீட்டில் பையன் இருக்கிறான் போல. சுங் எழுந்து நின்று விறைப்பாகச் சலாம் வைத்தார். வெள்ளைக்காரர் தலையசைத்துவிட்டு, லாரியின் பின்னாலேயே வெளியேறினார்.

சுங் மறுபடியும் உட்கார்ந்தார்.

"செருப்பையும் கழட்டிக் காட்டிடும்மா," என்றார்.