என் உயரத்துக்கு வைத்த கம்பி

எனக்கு வாய் நீளம். ஊருக்கே தெரிந்த விஷயம், மறைத்துப் பயனில்லை. என் வீட்டுக்காரர் சின்னராஜ் நாள் முழுக்கப் பேசுவதை நான் பல் விளக்கி முடிப்பதற்குள் பேசிவிடுவேன். அப்படிப்பட்டவள், ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் நின்றேன். இப்போது அதைச் சொல்ல உட்கார்ந்தால் முகம் சுடுகிறது.

ஐப்பசியில் சாமை மூட்டை தூக்கும்போது அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆலங்காயத்து டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, முதுகெலும்புக்கு நடுவில் இருக்கிற தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். அங்கேயே ஒரு பிசியோதெரபி அம்மா இடுப்பில் பெல்ட் மாட்டி இழுத்துவிட்டாள். இழுத்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் திரும்பி மலையேறும் பஸ் வளைவுக்கு வளைவு குலுக்கி, வீடு வருவதற்குள் பழைய வலியைக் கையில் கொடுத்துவிடும்.

இதை ஊரில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று எனக்குக் கட்டளை. காரணம் புளி. எங்கள் ஊருக்குப் பொதுவாகப் பதினாறு புளியமரம். மாசி பிறந்ததும் நாலு ஆண்கள் மேலே ஏறி உலுக்குவார்கள், மற்றவர்கள் கீழே பொறுக்குவோம். அந்த நாலு பேரில் ஒருவராக அவர் இருபத்திரண்டு வருஷம் ஏறியிருக்கிறார். முன்பு ஒருவன் காய்ச்சலோடு ஏறிக் கீழே விழுந்து செத்துப்போனதிலிருந்து, உடம்பில் கோளாறு இருக்கிறவனை மரத்தில் ஏற்றுவதில்லை என்று ஊரில் பேசி வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை இறக்கிவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான். மனுஷருக்கு ஊரில் இருந்த பெருமை அது ஒன்றுதான்.

பூவிழிதான் வழி சொன்னாள். எங்கள் மகள், திருப்பத்தூரில் நர்சிங் படிக்கிறாள். தலைகீழாகப் படுக்கிற டேபிள் ஒன்று இருக்கிறதாம். கணுக்காலைப் பூட்டிக்கொண்டு மெல்லச் சாய்ந்தால், உடம்பின் எடையே முதுகை இழுத்துவிடுமாம். வாங்குவதற்கு முன் அவள் போட்ட சட்டங்களைக் கேட்டால் பெண் பார்க்கப் போகிறவர்கள் தோற்றுப்போவார்கள். பிரஷர் பார்க்க வேண்டும், கண்ணில் கோளாறு இருக்கக் கூடாது, டாக்டர் சரி என்று சொல்ல வேண்டும். பிறகுதான் டேபிள். எத்தனை கிலோ தாங்கும், கணுக்கால் பூட்டு எப்படி, சாய்வை நிறுத்த வார் இருக்கிறதா என்று போனிலேயே நாலைந்தைப் பார்த்துக் கழித்தாள். கடைசியில் ஒன்று தேறியது. மலைக்கு அதைக் கொண்டுவந்து தர ஆளில்லை, ஆலங்காயத்தில் போய் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அவரே போய், சாக்குச் சுற்றி, பம்புசெட் சாமான் என்று பொய் சொல்லி ஜீப்பில் ஏற்றி வந்தார்.

கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் அதை மாட்டினோம். நிமிர்த்தி வைத்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னா மாமா, வவ்வாலு மாரி தொங்கப் போறீங்களா? வூட்டுல மரம் இல்லன்னு வாங்கியாந்தீங்களா? நான் செத்தாலும் இதும்மேல ஏற மாட்டேன்."

அவர் அதைக் காதில் வாங்காமல், போனில் பூவிழி காட்டியபடி கம்பியை இழுத்தார். அந்தக் கம்பியில் வரிசையாக ஓட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். படுக்கிறவரின் உயரத்துக்குத் தகுந்த ஓட்டையில் முளையைச் செருக வேண்டும். அவர் நெட்டை, அவருக்கு ஏழாவது. உயரம் சரியாக இருந்தால் தராசு மாதிரி நிற்கும், கையைத் தூக்கினால் சாயும், கையை இறக்கினால் எழும்பிவிடும். தப்பாக இருந்தால் தலைப்பக்கம் கனத்துப்போய் ஒரே அடியாகக் கவிழ்ந்துவிடும் என்று பூவிழி மூன்று தடவை சொன்னாள். தனியாக ஏறவே கூடாது என்று பத்து தடவை சொன்னாள்.

காலையில் இரண்டு நிமிஷம், சாயங்காலம் இரண்டு நிமிஷம். நான் பக்கத்தில் நிற்பேன், நின்று கேலி செய்வேன். முதலில் கொஞ்சமாய்த்தான் சாய்ந்தார். நாளாக நாளாக வாரை நீட்டிக்கொண்டே போனார். தை பாதியில் குனிந்து செருப்பு மாட்டினார். அதைப் பார்த்து நான் திரும்பிக்கொண்டு அழுதேன், அது அவருக்குத் தெரியாது.

அவருக்குத் தெரியாதது இன்னொன்றும் உண்டு. எனக்கும் இடுப்பு வலி. நாலைந்து வருஷமாக. விறகுச் சுமை, தண்ணீர்க் குடம், களை எடுப்பு, எதனால் என்று கேட்டால் எதைச் சொல்ல? வலிக்கிறது என்று சொன்னால் என்னை ஒரு நோயாளியாகப் பார்ப்பார்களே என்று சொல்லாமலேயே இருந்தேன். அவர் செருப்பு மாட்டியதைப் பார்த்த பிறகு எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் செத்தாலும் ஏற மாட்டேன் என்று சொன்ன வாய் ஆயிற்றே. அவர் கொல்லை வேலைக்குப் போன மத்தியான நேரத்தில், கம்பியை உள்ளே தள்ளி என் உயரத்துக்கு மூன்றாவது ஓட்டையில் வைத்து ஏறினேன். இடுப்பில் யாரோ கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. இறங்கியதும் மறக்காமல் ஏழாவதில் வைத்துவிடுவேன். எட்டு நாள் அப்படித் திருட்டுத்தனமாகத் தொங்கினேன்.

ஒன்பதாம் நாள் நான் தொங்கிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் அத்தை வாசலில் கூப்பிட்டாள்.

"ஏ ஈஸ்வரி, ரேஷன்ல எண்ணெ வந்துட்டுதாம். வர்றியா இல்லியா?"

பதறி எழுந்து, பூட்டை விடுவித்து, முடியை அள்ளிச் செருகிக்கொண்டு ஓடினேன். கம்பி மூன்றாவது ஓட்டையிலேயே இருந்தது.

நான் ரேஷன் கடை வரிசையில் நின்று யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். மறுவாரம் புளி. இடுப்பு கொஞ்சம் பிடித்த மாதிரி இருக்க, நானும் இல்லை, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தனியாகவே ஏறிவிட்டார். ஏறியவர் ஒரே வீச்சில் கவிழ்ந்தார். கையை இறக்கினாலும் எழும்பவில்லை. லுங்கி அவிழ்ந்து முகத்தில் மூடிக்கொண்டது. எவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு யாரையும் கூப்பிடாமல் இருந்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கடைசியில் சத்தம் போட்டிருக்கிறார்.

சத்தம் கேட்டு வந்தது யார் தெரியுமா? அர்ச்சுனன் அண்ணன். புளி உலுக்கும் நாலு பேரில் மூத்தவர், யார் ஏறுவது யார் இறங்குவது என்று முடிவு செய்கிறவர். எந்த மரத்தில் ஆரம்பிப்பது என்று கேட்க அவரும் கூட ஏறுகிற வெற்றிவேலும் வந்துகொண்டிருந்தார்களாம். கதவைக் கீலோடு பெயர்த்துத்தான் உள்ளே போனார்கள்.

நான் எண்ணெய்ப் பாக்கெட்டோடு வந்தபோது வாசலில் பாதி ஊர். பெயர்த்த கதவு சுவரில் சாய்ந்திருந்தது. அவர் தரையில் உட்கார்ந்திருந்தார், கண் இரண்டும் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்து, லுங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. வெற்றிவேல் சிரிப்பை அடக்க வாயைப் பொத்தியிருந்தான். பட்டாப்பட்டியோடு தொங்கிய கதை அதற்குள் கடைசி வீடு வரைக்கும் போயிருந்தது.

"நாந்தான் நம்பர மாத்தி வெச்சிட்டேன் போல," என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். "ஏழுன்னு நெனச்சி மூணுல வெச்சிட்டேன்."

அங்கேதான் நான் சொல்லியிருக்க வேண்டும். நான்தான் மாமா என்று இரண்டே வார்த்தை. பாதி ஊர் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. வவ்வால் என்று கேலி செய்தவள் நானே தொங்கியிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? வாய் திறந்தது, ஆனால் வந்தது வேறு.

"படிச்சி படிச்சி சொன்னேனே, கேட்டீங்களா? நம்பர் பாக்கத் தெரியாதா? கண்ணு எங்க போச்சி? ஊரு சிரிக்குது பாருங்க!"

ஊர் சிரித்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கு ராத்திரி பூவிழி போனில் அவரை அழுதுகொண்டே திட்டினாள். அவளிடமும் அவர் தன் தப்பு என்றே சொன்னார். நான் அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அர்ச்சுனன் அண்ணன் வந்தார். "இடுப்பு இப்டி கீதுன்னு முன்னாலயே சொல்லியிருக்கலாமே, சின்னராசு. இந்த வருஷம் நீ கீழ இரு. உன் எடத்துல கோகுல்ராஜ் ஏறட்டும்." அவர் சரி என்று மட்டும் சொன்னார். டேபிளை மடித்து, வந்த சாக்கிலேயே சுற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டார்.

புளி உலுக்கும்போது கீழே பொறுக்குவது பெண்களும் பிள்ளைகளும்தான். அவர்களுக்கு நடுவில் அந்த நெட்டை உடம்பு கூடையை வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து நகர்ந்தது. மேலே கோகுல்ராஜ் கிளையை மிதிக்கும்போதெல்லாம் இவர் நிமிர்ந்து பார்த்தார், கால் வைக்கிற இடம் சரியில்லை என்று சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார். முதல் நாள் பார்த்தேன். இரண்டாம் நாளும் பார்த்தேன். மூன்றாம் நாள் என்னால் முடியவில்லை. கூடையைக் கீழே போட்டேன்.

"அர்ச்சுனன் அண்ணா, கேளுங்க. எல்லாரும் கேளுங்க. அந்தக் கம்பிய மாத்தி வெச்சது நானு. அவுரு இல்லாதப்ப நாந்தான் அதுல ஏறித் தொங்குனேன். எறங்கி அவசரத்துல போய்ட்டேன். அவுரு மேல தப்பே இல்ல. அவுரு இடுப்பு தேறிட்டுது, செருப்பெல்லாம் குனிஞ்சி போடறாரு."

உலுக்குவது நின்றது. பிறகு ரத்தினம்மாள் அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாருங்கடி. வாயாடி வாயாடின்னு சொல்றோமே, புருஷனுக்கு ஒரு கொறைன்னா பழியத் தன் தலையில போட்டுக்கிறா பாரு."

"இல்ல அத்தே, நெசமாவே நாந்தான்."

"சரி சரி, எங்களுக்குப் புரியுது. நீயாவது அதுல தொங்கறதாவது!"

மரத்தின் மேலிருந்து அர்ச்சுனன் அண்ணன் சொன்னார், "நல்ல பொம்பள கெடச்சிருக்கா சின்னராசு உனக்கு." பெண்கள் என்னைப் பார்த்த பார்வையில் இதுவரை நான் பார்த்திராத மரியாதை. இத்தனை வருஷம் நான் சொன்ன பொய்யையெல்லாம் நம்பியவர்கள், இந்த ஒன்றை நம்ப மாட்டேன் என்கிறார்கள். கத்திச் சொல்லலாமா என்று அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்குப் புரியாதது அவருக்குப் புரிந்துவிட்டது என்று அந்த முகத்திலேயே தெரிந்தது. இப்போதாவது திட்டுவார், திட்டட்டும் என்று நின்றேன்.

"ஆமா அண்ணா, எனக்காவத்தான் சொல்லுது. வுடுங்க, உலுக்குங்க," என்றார்.

மேலே கிளை ஆடியது, பழம் சடசடவென்று கொட்டியது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் நகர்ந்து வந்து, நான் போட்ட கூடையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"உனக்கு எத்தினி நாளா வலிக்குது?"

நாலைந்து வருஷம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு புளியைப் பொறுக்கினேன்.